நாங்கள் வேற, அவை வேற

பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில், ஜேர்மனி
02.09.2024

அன்புள்ள சில்வெஸ்டர் அண்ணைக்கு,

மாதா காவலாக இருக்கட்டும். நானும் இவரும் சுகம். இவருக்கு முதுகுப் பிடிப்பு வாறதும் போறதுமா இருக்கு, அதைத் தவிர குறை சொல்ல ஒண்டுமில்லை. உங்கட பிறசர், பேர்பெச்சுவா மச்சாளின்ர சீனி வருத்தம் எல்லாம் எப்பிடி எண்டு எழுதுங்கோ.

கடிதம் எண்டதும் சிரிக்காதேங்கோ. போனில கதைச்சால் ரெண்டு பேருக்கும் வாய் முந்துது. போன மாசம் நீங்கள் கோவிச்சுக்கொண்டு குடும்பக் குறூப்பை விட்டுப் போனதும், நான் எடுக்க எடுக்கப் போனைத் தூக்காமல் விட்டதும் எனக்கு மறக்கேல்லை. கடிதத்தில எண்டால் கோவம் வந்தாலும் முத்திரை ஒட்டுறதுக்குள்ள ஆறிப்போயிடும்.

விசயம் இதுதான். என்ர லவினியா வாற கிழமை உங்கட ஹூஸ்ரனுக்கு வாறாள். யூனியில மாஸ்ரர் ஆய்வு செய்யிறாள் எண்டு சொன்னனான் எல்லே. அமெரிக்காவில பெரிய நகரங்கள் ஒரு கட்சிக்குப் போடுதாம், அதைச் சுத்தியிருக்கிற புறநகரெல்லாம் மற்றக் கட்சிக்குப் போடுதாம். அது ஏன், எந்த இடத்தில மாறுது எண்டுதான் இவள் பாக்கப்போறாள். நான் சொன்னன், பிள்ளை, மாமா அங்க முப்பது வருசத்துக்கு மேல இருக்கிறார், அவரைக் கேட்டால் ஒழுங்கை ஒழுங்கையாச் சொல்லுவார் எண்டு. தேர்தல் முடியும் மட்டும் உங்களோட நிப்பாள். எனக்கு இருக்கிறது இவள் ஒருத்திதான். உங்கட கையில தாறன்.

இன்னொண்டு. மச்சாள் ரோசா மரத்துக்குப் பக்கத்தில நிண்டு ஒரு படம் போட்டவ. ரோசா நல்ல வடிவு. அதுக்குப் பின்னால முற்றத்தில ஒரு பலகை நட்டுக் கிடக்கு. எல்லையைப் பூட்டு, வந்தவனைத் திருப்பி அனுப்பு எண்டு கத்துற ஆக்களின்ர தேர்தல் பலகை. கொலோன் நகரத்தில இருந்து எங்கட சனம் படத்தைப் பெருப்பிச்சுப் பாத்திட்டு எனக்கு எடுத்துக் கேக்குது. பிள்ளை வாறதுக்கு முன்னம் அதைக் கழட்டி உள்ளுக்க வையுங்கோ அண்ணை.

உங்கட சுகத்துக்காக மண்டாடும் தங்கச்சி
கொறற்றி


ஹூஸ்ரனுக்கு வடக்க, ரெக்சஸ்
22.09.2024

அன்பின் தங்கச்சி கொறற்றிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில எல்லாரும் எழும்பி நடமாடுறம். எனக்குப் பிறசர் குளிசையோட நிக்குது. மச்சாள் இன்சுலின் போடுறா, போட்டிட்டுக் களவா லட்டும் சாப்பிடுறா. பென்ஜமினின்ர முதுகுக்குச் சுடுதண்ணிப் பை வைக்கச் சொல்லு.

பிள்ளை வந்து சேந்தாள். அவள் நல்லாச் சாப்பிடுறதைப் பாத்து மச்சாள் விடியவே புட்டு அவிக்கத் தொடங்கியிட்டா. வீடு கலகலப்பாக் கிடக்கு.

போன சனிக்கிழமை அவளைக் காரில ஏத்தி, நகரத்து நடுவில இருந்து எங்கட வீடு மட்டும் மெதுவா ஓடிக் காட்டினன். நடு நகரத்தில முழுக்க மற்ற ஆக்களின்ர பலகை. வளைய வீதியைத் தாண்ட ரெண்டும் கலந்து வருது. இன்னும் வடக்க ஏறி எங்கட மொன்ற்கொமறி கவுண்ரிக்குள்ள வந்தால் பத்து வீட்டில ஏழு வீடு எங்கட பக்கம். தென்மேற்கில ஃபோர்ட் பெண்டில இந்தியாக்காரர், சீனர், பாகிஸ்தான்காரர் எண்டு எல்லாச் சனமும் இருக்கு, அங்க அரைக்கு அரை. பெட்டை கார் யன்னலால எட்டிப் பாத்துப் பாத்து எழுதினாள். “மாமா, முற்றம் பெருக்கப் பெருக்கப் பலகை மாறுது” எண்டாள். “ஓமடி பிள்ளை, புல்லு வெட்டுற கூலியைக் குடுத்துப் பாத்தால் நீயும் மாறுவாய்” எண்டன். விழுந்து விழுந்து சிரிச்சவள்.

இப்ப பலகைக் கதை. ஆடி மாசப் புயலில எங்களுக்கு ஒரு கிழமை கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு கேரி தன்ர ஜெனறேற்றரில இருந்து வயர் இழுத்துத் தந்தவன். மச்சாளின்ர இன்சுலின் பழுதாகாமல் நிண்டது அவனாலதான். அவன் வந்து “சில், ஒரு பலகை நட்டுவிடட்டோ” எண்டு கேக்கேக்க நான் என்னெண்டு மாட்டன் எண்டுறது? உனக்கெண்டால் ஏலுமோ? அதோட எனக்கும் அது பிழையாத் தெரியேல்லை. நாட்டுக்கு வாறவன் வரிசையில நிண்டு வரவேணும். கழட்ட மாட்டன். இதை விட்டிட்டு வேற கதை எழுது.

அன்பு மாறாத அண்ணன்
சில்வெஸ்டர்


10.10.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமா இருங்கோ, இருந்துகொண்டு நான் சொல்லுறதைக் கேளுங்கோ.

வரிசையோ? நீங்கள் எந்த வரிசையில நிண்டனியள் அண்ணை? சப்பாத்தைப் பொலித்தீன் பையில கட்டித் தலையில வைச்சுக்கொண்டு மெக்சிக்கோ ஆத்தைக் கடந்தது ஆர்? அந்த நேரம் உங்கட ஒரு தகவலும் இல்லாமல் நான் இஞ்ச அகதி ஹைம் விடுதியில செபமாலை உருட்டி உருட்டி விரல் தேஞ்சுபோனன். மற்றவன் சொன்னால் பரவாயில்லை, நீங்கள் சொல்லுறதோ! உங்கட மனசு எப்ப இப்பிடிக் கல்லாப்போனது?

எனக்கு வெக்கமாக் கிடக்கு. தமிழ்ப் பூசை முடிய ஆக்கள் வந்து “உங்கட அண்ணரெல்லோ” எண்டு கேக்கினம். நான் நிலத்தைப் பாத்துக்கொண்டு காருக்குப் போறன்.

இஞ்சத்தை புதினம், எங்கட ஊரும் ரெண்டுபட்டுத்தான் கிடக்கு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து விளையாட்டுத் திடலில அகதியளுக்குக் கொன்ரெய்னர் வீடு வைக்கப்போகினமாம். சிலபேர் ஓம் எண்டினம், கனபேர் வேண்டாம் எண்டினம். அடுத்த மாசம் ஊர்க் கூட்டம். முன்வீட்டு மனிசி ஃப்ராவ் ஹோல்ஷர் வந்து, நீயும் அகதியா வந்தவள்தானே, உன்ர கதையை ரெண்டு வார்த்தை சொல்லு எண்டு கேட்டிருக்கிறா. பாத்தியளே! வீடு வாங்கி இத்தனை வருசமா “குட்டன் மோர்கன்” எண்டு காலை வணக்கம் மட்டும் சொன்ன ஊர், இப்ப என்னை மேடைக்குக் கூப்பிடுது. எங்கட தமிழ்ப் பள்ளிக்கூட நத்தார் ஒளிவிழாவில கதைச்சுக் கதைச்சு எனக்கு மேடைப் பயம் இல்லை. டொச் மொழியில எண்டபடியால் குசினிக்குள்ள நிண்டு சொல்லிப் பாக்கிறன். இவர் “வெங்காயம் கருகுது” எண்டுறார்.

பிள்ளை வடிவாச் சாப்பிடட்டும். பலகையைக் கழட்டுங்கோ.

கவலையோட,
கொறற்றி


12.11.2024

அன்பின் தங்கச்சிக்கு,

உங்கட சுகத்துக்கு வேண்டுறம். மச்சாளுக்குச் சீனி கூடிப்போச்சு. ஏனெண்டு கீழ எழுதியிருக்கிறன்.

தேர்தல் முடிஞ்சது உனக்குத் தெரியும். எங்கட பக்கம் வெண்டிட்டுது. நகரத்துக்குள்ளயே இந்த முறை இடைவெளி குறைஞ்சிட்டுது. ஆனால் லவினியா இப்ப எங்கட வீட்டில இல்லை, கொறற்றி. நகரத்துக்குள்ள யூனிக்குப் பக்கத்தில ஒரு பெட்டையோட அறை எடுத்து இருக்கிறாள், ஆய்வு முடியும் மட்டும் அங்கதானாம். சுகமா இருக்கிறாள், அதில பயப்பிடாதை.

முடிவு வந்த அடுத்த நாள் மத்தியானம், சாப்பாட்டு மேசையில, இன்ரர்வியூ எடுக்கட்டோ மாமா எண்டு கேட்டாள். எடு எண்டன். வெண்ட சந்தோசத்தில நான் கொஞ்சம் புளுகமா இருந்தனான். ஏன் போட்டீங்கள், எப்ப மாறினீங்கள் எண்டு கேட்டுக்கொண்டு வந்தவள், கடைசியா “மாமா, நீங்கள் ஆத்தைக் கடக்கேக்க இண்டைக்கு மாதிரி மறிச்சுத் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன செய்திருப்பீங்கள்?” எண்டு கேட்டாள். மரியாதையாத்தான் கேட்டவள். எனக்கு மூளையில ஏறியிட்டுது.

“என்ர சோத்தைத் திண்டுகொண்டு என்னைக் கேள்வி கேக்கிறியோ” எண்டு சொல்லிப்போட்டன்.

அவள் கையில இருந்த கவளத்தைச் சோத்துக் கோப்பையில வைச்சாள். எழும்பிக் கையைக் கழுவினாள். மச்சாள் அழுது மண்டாடி மறிச்சும் நிக்கேல்லை. மச்சாள் இப்ப என்னோட கதைக்கிறேல்லை. குசினியில சட்டி பானையோடதான் கதைக்கிறா.

எங்கட ஆக்களில ஒருத்தரும் வந்த விருந்தாளிக்குச் சோத்தைச் சொல்லிக் காட்டமாட்டினம். நான் என்ர தங்கச்சியின்ர பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன். உனக்கு முகம் குடுக்க ஏலாமல்தான் அஞ்சாறு நாள் பிந்தி எழுதுறன்.

சில்வெஸ்டர்


03.12.2024

அண்ணைக்கு,

சுகம் விசாரிக்க மனம் வரேல்லை. மச்சாளுக்குச் சொல்லுங்கோ, அவவில ஒரு குறையும் இல்லை எண்டு.

உங்கட கையில தந்த பிள்ளைக்குச் சோத்தைச் சொல்லிக் காட்டினியளோ? நாலு வயசில அவள் காய்ச்சலோட கிடக்க, நீங்கள் போனில பாட்டுப் பாடினால்தான் கஞ்சி குடிப்பாள். அந்தப் பிள்ளைக்கு! பலகையைக்கூட மறப்பன், இதை மறக்கமாட்டன்.

இப்ப அவள் என்னோடயும் சரியாக் கதைக்கிறாள் இல்லை. எடுத்தால் “வேலை அம்மா” எண்டுறாள். உங்களாலதான். எங்கட குடும்பத்தையே வெறுத்துப்போனாள் போல.

ஊர்க் கூட்டம் நடந்தது. போனனான். வேற விசேசம் இல்லை.

நத்தாருக்கு நான் கடிதம் போடமாட்டன், பாத்துக்கொண்டிருக்காதேங்கோ.

கொறற்றி


14.01.2025

அன்பின் கொறற்றிக்கு,

புது வருசத்தில உங்களுக்குச் சுகத்தைக் குடுக்கச் சொல்லிச் செபிச்சம். நீ எழுதமாட்டன் எண்டாலும் நான் எழுதாமல் இருக்க ஏலாது.

நத்தாருக்கு அடுத்த நாள் மச்சாள் கட்டித் தந்த சாப்பாட்டோட நகரத்துக்குப் போய் லவினியாவைக் கண்டன். கும்பிட்டு மன்னிப்புக் கேட்டன். “சரி மாமா, விடுங்கோ” எண்டாள். ஆனால் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கேல்லை. போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினாள். உங்கட ஊர்ப் பேப்பர்க்காரர் போட்டதாம். கார்த்திகையிலயே பாத்திட்டாளாம்.

நீ எழும்பி நிக்கிறாய். மெரூன் சாறி. மைக்கைப் பிடிச்சுக்கொண்டு கதைக்கிறாய். எனக்கு டொச் ஒரு சொல்லும் விளங்காது. அதால அவள் நிப்பாட்டி நிப்பாட்டி வரி வரியாச் சொல்லித் தந்தவள். “நாங்கள் வந்த நேரம் ஒண்டும் கேக்கேல்லை, தந்ததை எடுத்தம் எண்டுறா மாமா. சத்தம் போடாமல் வேலை செய்தம் எண்டுறா. இப்ப வாறவை அப்பிடி இல்லை எண்டுறா. அவை வந்தால் பின்னேரம் பஸ்ஸுக்கு நிக்கப் பயமா இருக்கும் எண்டுறா.” பிறகு ஒரு வரியைத் திருப்பிப் போட்டாள். “நாங்கள் வேற, அவை வேற எண்டுறா மாமா.” சனம் எழும்பி நிண்டு கை தட்டுது. நீ சிரிக்கிறாய்.

ஒளிக்காமல் சொல்லுறன், எனக்கு முதல் சிரிப்புத்தான் வந்தது. என்னைப் பேசின பேச்சு என்ன, ஆத்துக் கதை என்ன, கல்லு மனசு என்ன! இந்தா பிடிபட்டாள் எண்டு நினைச்சன். பிறகு பிள்ளையின்ர முகத்தைப் பாத்தன். அவள் சொன்னது இதுதான்: “நகரம், புறநகர் எண்டு இவ்வளவு தூரம் வந்து அளந்துகொண்டு திரியிறன் மாமா. நான் தேடின ஆள் எங்கட குசினிக்குள்ள நிண்டிருக்கிறா.”

அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் எண்டவள். சொல்லாமல் விட்டால் உனக்கு ஏன் அவள் போனை வைக்கிறாள் எண்டு தெரியாமல் போயிடும். அதால சொல்லிப்போட்டன். ஏன் அப்பிடிக் கதைச்சனி, கொறற்றி?

அண்ணன்


24.02.2025

அன்பின் தங்கச்சி,

உயிரோட இருக்கிறியோ? ஆறு கிழமையாப் பதில் இல்லை. பென்ஜமினுக்கு எடுத்தால் “சுகம், சுகம்” எண்டிட்டு வைக்கிறார். உங்கட நாட்டுத் தேர்தல் முடிவு ரீவியில பாத்தன். லவினியா அடுத்த கிழமை திரும்புறாள். போக முன்னம் எங்கட வீட்டை வருவியோ எண்டு கேட்டன், வேலை எண்டிட்டாள். ரெண்டு வரி எண்டாலும் எழுது.

சில்வெஸ்டர்


30.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

சாகேல்லை, இருக்கிறன். இவரும் சுகம். உங்கட கடிதத்தை வாசிச்சிட்டு எத்தினையோ தரம் பேனை எடுத்தன். எழுத வரேல்லை.

பிள்ளை திரும்பி வந்திட்டாள். எங்களிட்ட வரேல்லை. பீலெஃபெல்ட் நகரத்துக்குள்ள சிநேகிதியோட இருக்கிறாளாம். இஞ்ச இருந்து பஸ்ஸில அரை மணித்தியாலம். அமெரிக்காவில இருக்கேக்க இவ்வளவு தூரமாத் தெரியேல்லை.

ஏன் அப்பிடிக் கதைச்சனி எண்டு கேட்டியள். ஃப்ராவ் ஹோல்ஷரில பழியைப் போடலாம். வீட்டுக்கு வந்த முதல் கிழமையே கேக்கோட வந்தவ அவதான். இவருக்கு முதுகு ஒப்பறேசன் செய்த நேரம் ஒவ்வொரு நாளும் என்னை ஆஸ்பத்திரிக்குக் காரில கொண்டு போனவ. அவ கேட்டு மாட்டன் எண்டு சொல்ல என்னால ஏலாது, உங்கட கேரி கதைதான். ஆனால் இப்பிடிச் சொல்லு எண்டு அவ ஒண்டும் எழுதித் தரேல்லை அண்ணை. உன்ர கதையைச் சொல்லு எண்டு மட்டும்தான் கேட்டவ.

நான் எழுதிப் பாடமாக்கிக்கொண்டு போனது வேற. ஹைமில எட்டுப் பேர் ஒரு அறையில கிடந்தது, யன்னலுக்குக் கல்லெறி விழுந்த அண்டைக்கு லைற்றை நூத்துப்போட்டுக் கட்டிலுக்குக் கீழ படுத்தது, வயசுபோன ஒரு டொச் மனிசி அடுத்த நாள் கண்ணாடி கூட்ட வந்தது. அதைத்தான் சொல்லப் போனனான். எழும்பிப் பாத்தால் முன்வரிசையில எல்லாற்ற முகமும் இறுகிக் கிடக்கு. எனக்கு நாக்கு ஒட்டியிட்டுது. “நாங்கள் சத்தம் போடேல்லை” எண்டு ஒரு வசனம் நடுவில இருந்தது, அது வாயில வந்திட்டுது. ஒருத்தர் தலை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டன். இன்னும் ரெண்டு பேர் ஆட்டிச்சினம். அவை என்ன கேக்க விரும்பினமோ அதெல்லாம் என்ர வாயால வந்தது. ஒரு நாளும் பஸ்ஸுக்கு நிக்கப் பயப்பிடாதவள் நான். வேலை முடிஞ்சு பதினொரு மணிக்கும் தனிய நிண்டிருக்கிறன்.

பிறகு கை தட்டினவை. ஒரு மனிசன் வந்து கை குடுத்து “நீங்கள் எங்கட ஆள்” எண்டார். இந்த நாட்டில எனக்கு ஒருத்தரும் கை தட்டினதில்லை. அண்ணை, எனக்கு இனிச்சுது. அதைத்தான் எழுத ஏலாமல் இருந்தது. வீட்டை வந்து சாறியைக் கழட்டேக்கயும் இனிச்சுது. அந்த இனிப்போட இருந்துதான் உங்களுக்கு “சோத்தைச் சொல்லிக் காட்டினியளோ” எண்டு எழுதினனான்.

கொன்ரெய்னர் திட்டத்தைக் கைவிட்டிட்டினம். திடல் சும்மா கிடக்கு. மாசித் தேர்தலில நகரத்துக்குள்ள ஒரு மாதிரி, எங்கட பக்கம் வேற மாதிரி வாக்கு விழுந்திருக்கு. லவினியா படம் கீறிக் காட்டத் தேவையில்லை, நடந்து போனாலே தெரியுது. இவர் அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கிறேல்லை. ஒரு நாள் மட்டும் “மெரூன் சாறியை ஆருக்கும் குடுத்துவிடு” எண்டார்.

என்ர பிள்ளையை என்னெண்டு வீட்டை கூப்பிடுறது எண்டு சொல்லுங்கோ.

கொறற்றி


04.05.2025

அன்பின் தங்கச்சி கொறற்றிக்கு,

உன்ர கடிதத்தை மச்சாளுக்கு வாசிச்சுக் காட்டினன். அழுதிட்டு, உனக்குச் சுகம் கேக்கச் சொன்னவ. இப்ப என்னோட கொஞ்சம் கதைக்கிறா.

புத்தி சொல்ல நான் ஆர்? என்ர கதையையும் கேள். எங்கட புல்லு வெட்டுறவன் ரமிரோ, ஹொண்டுராஸ்காரன், ஸ்பானிஷ் பூசையில பாடுறவன். தேர்தல் பலகையை ஒருத்தரும் இன்னும் கழட்டேல்லை. அவன் ஒவ்வொரு முறையும் அதைப் பிடுங்கி வைச்சிட்டுப் புல்லை வெட்டிப்போட்டு, திருப்பி நேரா நட்டுவிட்டுப் போவான். கோணலா நிண்டால் ஒரு எட்டுப் பின்னால போய்ப் பாத்துச் சரிக்கட்டுவான். நான் உள்ளுக்க இருந்து கோப்பி குடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருப்பன்.

பெரிய வெள்ளிக்குப் பிறகு அவன் வரேல்லை. இமிக்கிறேசன்காரர் பிடிச்சுக்கொண்டு போட்டாங்களாம். அவன்ர மனிசி வந்து, இவன் நல்லவன் எண்டு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைச்சுத் தருவியளோ எண்டு கேட்டவள். யோசிச்சுச் சொல்லுறன் எண்டு அனுப்பிப்போட்டன். எனக்குப் பயம் கொறற்றி. சிற்றிசன் ஆகி இருவது வருசம் கழிஞ்சும், இப்ப பால் வாங்கக் கடைக்குப் போனாலும் பாஸ்போட்டைச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு போறன். கேரிக்கு முகம் பாத்துச் சிரிக்கிறன். பலகையைக் கழட்டவேணும் எண்டு வாசல் மட்டும் போவன், அவன் முற்றத்தில நிப்பான், தபால் பெட்டியைப் பாத்திட்டுத் திரும்புவன். இப்ப அதைச் சுத்திப் புல்லு வளந்துபோய்க் கிடக்கு.

லவினியாவுக்கு நீயே எடு. அவள் எடுக்காட்டில் திருப்பி எடு. வேற எனக்குத் தெரியாது.

உன்ர அண்ணன்
சில்வெஸ்டர்


13.09.2025, சனிக்கிழமை

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்களும் மச்சாளும் சுகமா இருக்க வேணும். ரமிரோவுக்குக் கடிதம் குடுத்தனியளோ? மற்றது எல்லாம் பிறகு, அதை முதல் எழுதுங்கோ. நான் பிந்தினதுக்குக் காரணம், நல்ல செய்தி வந்தால் எழுதுவம் எண்டு பாத்துக்கொண்டிருந்தது. வந்திட்டுது. நல்லதோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்.

ஆவணியில, எங்கட சனம் யாத்திரை போற கேவலார் மாதாவிட்ட போனம். மாதாவின்ர முகத்தை நிமிந்து பாக்க ஏலேல்லை, மெழுகுதிரியை வைச்சிட்டு வந்திட்டன். போன கிழமை போன் அடிச்சுது. லவினியா! “அம்மா, ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருக்கு. டொக்டரிட்ட மொழிபெயர்க்க வேணும், என்ர தமிழ் காணாது. வாறீங்களோ?” எண்டு கேட்டாள். எந்த இடம், ஆர் எண்டு ஒண்டும் கேக்கேல்லை. அடுப்பை நூத்துப்போட்டு ஓடினன். எனக்குப் பிள்ளையின்ர முகத்தைக் கண்டால் போதும் எண்டிருந்தது.

பக்கத்துப் பட்டினத்தில ஒரு பழைய ஜிம் மண்டபம். அகதியளுக்கெண்டு துணி கட்டிக் கட்டி அறை பிரிச்சிருக்கு. மன்னாரில இருந்து வந்த பிரபாலினி எண்ட பிள்ளை, அவளின்ர மகள் லக்சிகாவுக்கு ஏழு வயசு, காதுக்க வருத்தம். டொக்டரிட்டப் போய் வந்தம். நான் கதைக்கக் கதைக்க லவினியா பக்கத்தில நிண்டவள். பிறகு பிரபாலினி கேத்திலில தேத்தண்ணி ஊத்தினாள். எங்கட ஆக்களைக் கண்ட சந்தோசத்தில வாய் ஓயாமல் கதைச்சாள். “அக்கா, எங்களை மாசி மாசமே ஒரு ஊருக்கு அனுப்பிறதா இருந்தது. பள்ளிக்கூடம் பக்கத்திலயாம், விளையாட்டுத் திடலும் இருக்காம். இவள் ஒவ்வொரு நாளும் பையைக் கட்டிக்கொண்டு இருந்தவள். பிறகு அந்த ஊர்ச் சனம் வேண்டாம் எண்டிட்டினமாம். நாங்கள் என்னக்கா செய்தனாங்கள்?” எண்டாள்.

தேத்தண்ணியைக் கீழ வைச்சன். லவினியாவைப் பாத்தன். அவள் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தாள். தெரிஞ்சுதான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாளோ எண்டு கேக்க எனக்குத் துணிவில்லை.

“நீங்கள் எங்கயக்கா இருக்கிறியள்?” எண்டு பிரபாலினி கேட்டாள். லவினியா நிமிந்து என்ர வாயைப் பாத்தாள். ஒரு வருசத்துக்குப் பிறகு என்ர பிள்ளை என்னை நேராப் பாக்கிறாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைச்சிருக்குமோ? “பீலெஃபெல்ட் நகரத்துக்குள்ள தானம்மா” எண்டு சொல்லிப்போட்டன். அண்ணை, சொல்லிப்போட்டன். வாய் கூசாமல் வந்தது.

லவினியா என்னைக் காட்டிக் குடுக்கேல்லை. லக்சிகாவின்ர தலையைத் தடவிப்போட்டு எழும்பினாள். வெளியில பஸ் நிக்கிற இடத்தில, நான் “பிள்ளை” எண்டு தொடங்க, மறிச்சுச் சொன்னாள்: “பிரபாலினி அக்காவுக்கு எங்கட வீட்டு விலாசம் எழுதிக் குடுத்திட்டன் அம்மா. வாற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருவினம். நான்தான் கூட்டிக்கொண்டு வாறன்.” குரலில கோவம் இல்லை. பஸ் வர ஏறிப் போயிட்டாள்.

அந்த ஞாயிறு நாளைக்கு. நாளைக்குத்தான் இஞ்ச உள்ளூராட்சித் தேர்தலும். வாக்குப் போடுறது பள்ளிக்கூடத்தில, ஊர் முழுக்க அந்த வாசலில நிக்கும், ஃப்ராவ் ஹோல்ஷர் கேக் விக்க மேசை போடுறா. பஸ்ஸால இறங்கினால் அதைத் தாண்டித்தான் எங்கட வீட்டுக்கு வரவேணும். சின்னப்பிள்ளை திடலைக் காணும். பிரபாலினிக்கு வாசிக்கத் தெரியும், ஊர்ப் பேரைக் காணுவாள். நான் வாய் திறக்க முன்னமே அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும்.

இவர் கோழி வாங்கி வந்து வெட்டிக் குடுத்தார். “பஸ்ஸடியில போய் நில்லு, வீட்டுக்குள்ள நிண்டு வரவேற்காதை” எண்டு மட்டும் சொன்னார். போய் நிக்கத்தான் போறன். அவை இறங்கின உடன, எல்லாருக்கும் முன்னால, இதுதான் அந்த ஊர், வேண்டாம் எண்டு சொன்ன ஆக்களில நானும் ஒருத்தி எண்டு சொல்லவேணும். வசனம் இன்னும் வருகுதில்லை. தமிழிலதான் சொல்லப்போறன், எண்டாலும் வருகுதில்லை.

ஒரு வருசத்துக்குப் பிறகு என்ர பிள்ளை வீட்டை வாறாள் அண்ணை. அவளின்ர அறைக்குப் புதுப் படுக்கை விரிச்சிருக்கிறன். இவ்வளவு நாளும் இதுக்காகத்தான் மண்டாடினனான். அவள் வாசலுக்கு வரேக்க நான் எந்த முகத்தோட கதவைத் திறக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை.

எனக்காகச் செபியுங்கோ.

கொறற்றி